கோத்தகிரியில் இறக்கி, வீட்டில் படித்தது

எங்கள் வீடு சோலூர்மட்டத்துக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. வீட்டுக்குள் போன் எடுக்காது. வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அந்த இரண்டு மாதமும் எங்காவது கம்பியில் மரம் விழும், கரண்ட் போகும். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவரும் அடங்கிவிடும்.

இந்த வீட்டில் இருந்துகொண்டுதான் விரிதாள் (எக்செல் மாதிரி), டேட்டாபேஸ், கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி எல்லாம் படித்தேன். கல்விக் கட்டணமாக ஒரு ரூபாயும் கட்டவில்லை. எங்கே, எதில், எப்படி என்று பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தளங்களின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. அந்தப் பெயர்கள் எனக்கும் முதலிலேயே தெரிந்திருந்தன, ஆனாலும் ஒரு வருடம் வீணாகப் போனது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள், வணிகவியல் பிரிவு. 2016-ல் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் போடும் ஒரு தனியார் ஃபேக்டரியின் ஆபீஸில் சேர்ந்தேன். எங்களுக்கு இலை கொடுப்பவர்கள் முந்நூறு பேருக்கு மேல். பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். இலை வண்டி வரும், எடை போட்டுச் சீட்டு கொடுப்போம், ஈர இலை என்றால் தண்ணீருக்குக் கழிப்போம், சாயங்காலம் அதையெல்லாம் பேரேட்டில் ஏற்றுவோம். மாதக் கடைசியில் மொத்தக் கிலோவை விலையால் பெருக்கி, முன்பணம், உரக் கடன் போக மீதியைக் கொடுக்க வேண்டும். எல்லாம் கையால்தான்.

2019 ஐப்பசியில் ஒரு பாட்டி வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் பிரித்து வைத்தார். ஒரு நாள் இலை, 46 கிலோ, அவர் கணக்கில் இல்லை. தேடிப் பார்த்தால் அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தது. எங்கள் பேரேட்டில் அந்தப் பெயரில் மட்டும் நான்கு பேர் இருந்தார்கள். இலை கிலோ பதினைந்து ரூபாய்க்கும் கீழே போன காலம் அது, 46 கிலோ என்பது அவருக்குச் சின்ன விஷயம் கிடையாது.

"தப்பு எங்க மேலதான் பாட்டி," என்றேன்.

"நான் படிக்காதவ அம்மா. சீட்டை மட்டும் பத்திரமா வச்சுக்குவேன்," என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் குடும்பம் இலங்கை மலைநாட்டிலிருந்து திரும்பி வந்தது. அங்கே கொழுந்து பறித்த அப்பாயி கடைசி வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டால் அரைப்பேர்தான், அது சரியா தப்பா என்று பார்க்க எங்களுக்கு எழுத்துத் தெரியாது. அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி. இப்போது பேரேட்டை எழுதுகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் கையாலேயே ஒருவருக்கு அரைப்பேர் விழுந்தது என்பதைத் தாங்க முடியவில்லை.

2020 பொதுமுடக்கத்தில் ஆபீஸ் வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சரி, படித்துவிடலாம் என்று தொட்டி மேட்டில் நின்று ஒரே இரவில் ஐந்து படிப்புகளில் பதிவு செய்தேன். ஆங்கிலப் பேச்சு, வெப் டிசைன், கணக்கியல், ஹார்வர்டின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50, பிறகு டேட்டா பற்றி ஏதோ ஒன்று. ஒன்றையும் முடிக்கவில்லை. பணம் கட்டியிருந்தால் போட்ட காசுக்காகவாவது உட்கார்ந்திருப்பேன். இலவசம் என்பதால் சேருவதும் சுலபம், விடுவதும் சுலபம். இரண்டாவது வாரத்திலேயே ஒவ்வொன்றாகக் கழன்றது. மறுபடி புதிதாக ஒன்றைத் தேடினேன். தேடுவதே படிப்பு மாதிரி இருந்தது, அதிலேயே மாதங்கள் போயின.

மாறியது எப்போது என்றால், எந்தப் படிப்பு நல்லது என்று தேடுவதை விட்டுவிட்டு, அந்தப் பாட்டியின் 46 கிலோ இனி இடம் மாறக்கூடாது, அதற்கு எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று நோட்டில் எழுதியபோதுதான். பதில் சின்னது. விரிதாள் தெரிய வேண்டும், அதில் பெயருக்குப் பதில் எண்ணை வைத்துத் தேடத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கையில் ஒரு வேலை இருக்கட்டும், பாடம் அதற்குப் பிறகு. அம்மாவின் சுய உதவிக் குழு வரவுசெலவோ, அப்பாவின் கேரட் தோட்டச் செலவோ, எதுவானாலும் சரி.

அப்போதுதான் ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் கண்ணில் பட்டது. என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்றுவரை பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைத்தான், லாடெக் என்று இலவச மென்பொருள்களைக் கற்றுக்கொடுக்கும் சின்னச் சின்ன வீடியோக்கள். ஒன்று சுமார் பத்து நிமிடம். பேசுபவர் முகம் வராது, கணினித் திரை மட்டும் தெரியும். குரல் தமிழிலும் கிடைக்கிறது, திரையில் இருப்பது ஆங்கிலத்திலேயே இருக்கும். முதலில் அது குறை என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் ஃபார்முலா, செல், ரேஞ்ச் எல்லாம் ஆங்கிலத்திலேயே கண்ணுக்குப் பழகிவிட்டது, விளக்கம் மட்டும் தமிழில் மனதில் தங்கியது.

அவர்கள் சொல்லும் முறை ஒன்று உண்டு. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள். ஒரு வரி கேள், நிறுத்து, நீயே செய், அதே முடிவு வருகிறதா பார், அப்புறம் அடுத்த வரி. பத்து நிமிடப் பாடம் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சாய்ந்து உட்கார்ந்து பார்த்த வீடியோ எதுவும் எனக்கு ஒட்டவில்லை. நிறுத்தி நிறுத்திச் செய்தது எதுவும் மறக்கவில்லை.

வீட்டில் சிக்னல் இல்லையே, எப்படிப் பார்த்தாய் என்றால், கோத்தகிரியில் இறக்கி வீட்டில் படித்தேன். டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணன், சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் அவருடைய இணைப்பில் டவுன்லோட் செய்துகொள்ள விட்டார். பஸ் ஏறும்முன் பட்டியல் எழுதிக்கொண்டு போவேன். வாரத்துக்கு ஆறு பாடம், அதற்கு மேல் ஒன்றுகூட எடுப்பதில்லை. ஒருமுறை ஆசைப்பட்டு நாற்பது வீடியோ இறக்கினேன். அந்த வாரம் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆறு என்றால் ஞாயிறு முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று. மழை நாளில் வேறு ஒன்றுக்குத் தாவ வழியே இல்லாமல் அந்த ஒன்றையே மூன்று முறை பார்த்தேன். நல்ல சிக்னல் இருந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

இறக்குவதில் ஒரு எச்சரிக்கை. யூடியூப் ஆப்பில் டவுன்லோட் செய்தது அந்த ஆப்புக்குள்தான் இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபடி நெட்டில் இணையாவிட்டால் திறக்காது. மழைக்காலத்தில் அது எனக்குக் கைகொடுக்கவில்லை. ஐஐடி பாடங்கள் இருக்கும் என்பிடெல், எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர், பழைய புத்தகங்கள் இருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் போன்றவை வீடியோவையோ புத்தகத்தையோ தனிக் கோப்பாகவே எடுத்துக்கொள்ள விடுகின்றன. பென் டிரைவில் போட்டால் நம்முடையது. கிவிக்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது, அதில் தமிழ் விக்கிபீடியாவை மொத்தமாக இறக்கி நெட் இல்லாமலே படிக்கலாம். படங்கள் இல்லாத பதிப்பை எடுத்தால் போனில் இடம் அதிகம் பிடிக்காது.

இன்னொரு பழக்கமும் சிக்னல் இல்லாததால் வந்தது. ஃபார்முலா தப்பாகி ஏதாவது பிழைச் செய்தி வந்தால் உடனே தேட முடியாது. அதனால் அதை நோட்டின் வலப்பக்கம் எழுத்துக்கு எழுத்து எழுதி, அதற்கு முன் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவைப்பேன். சனிக்கிழமை தேடிக்கொள்ளலாம் என்று. எழுதும்போதே பாதிப் பிழைகள் எனக்கே புரிந்துவிடும். எங்கோ ஒரு அடைப்புக்குறி விட்டிருப்பேன், இல்லை எண் என்று நினைத்தது எழுத்தாக இருக்கும். மீதிப் பாதிக்கு மட்டும்தான் டவுன் தேவைப்பட்டது.

லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க் பாடங்கள் முடிந்ததும் இலை கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தேன். பேரேட்டின் வரிசைப்படி, ஒன்றிலிருந்து. சீட்டில் பெயரோடு எண்ணும் எழுதச் சொல்லி எடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். எண்ணை அடித்தால் பெயர் தானாக வரும்படி வீலுக்கப் ஃபார்முலா போட்டேன். முதலாளி உடனே நம்பவில்லை, அது நியாயம்தான். மூன்று மாதம் பேரேடும் லேப்டாப்பும் பக்கம் பக்கமாக ஓடின. வித்தியாசம் வந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சில இடத்தில் தப்பு பேரேட்டில், சில இடத்தில் என் விரலில். கற்றதை உண்மையான பணத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் பழைய முறையை உடனே தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கு அடுத்த வருடம் கணியம் தளத்தில் மைசீக்வல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதிய மின்னூல் ஒன்றை இறக்கினேன். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் தளம் அது. டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிசைக்கும் திரும்ப வராத ஒரு அடையாளம் வேண்டும், அதற்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர் என்று படித்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்ததால் நான் கொடுத்த எண்தான் அது. புத்தகத்தில் வந்த சொல்லுக்கு என்னிடம் ஏற்கனவே ஒரு முகம் இருந்தது. அந்தப் பாட்டியின் எண் 117.

பயிற்சிக்கு மைசீக்வலுக்குப் பதில் எஸ்க்யூலைட்டை எடுத்துக்கொண்டேன். மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு, சர்வர் வேண்டாம், பழைய லேப்டாப்புக்குப் பாரமில்லை. தகவலைக் கேட்டு வாங்கும் எஸ்க்யூஎல் மொழி இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். பைத்தானை நிறுவினாலே எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்தும் வசதி கூடவே வந்துவிடும். பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சிப் பாடத்தையும் ஆவணங்களையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஆகவே மழைக்காலத்துக்கு நல்ல துணை.

சிஎஸ்50-க்கு இரண்டாம் முறை போனேன். மிகச் சிறந்த பாடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்க்ராட்சில் தொடங்கி, சி மொழியில் பல வாரம் நிறுத்தி, அப்புறம் பைத்தான், எஸ்க்யூஎல் என்று போகிறது. ஆனால் ஒவ்வொரு விரிவுரையும் சுமார் இரண்டு மணி நேரம், வேகமான ஆங்கிலம், பயிற்சிகளை இணையத்திலேயே செய்ய வேண்டும். வேகத்தை முக்கால் ஆக்கி, ஆங்கில எழுத்தைக் கீழே ஓடவிட்டுப் பார்த்தேன். நான்காவது வாரத்தில் நிறுத்தினேன். வீட்டில் நிலையான இணைப்பு இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம், அவர்களே இலவசச் சான்றிதழும் தருகிறார்கள்.

சான்றிதழ் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. "இலவசம்" என்று எங்கே போட்டிருந்தாலும், எது இலவசம் என்று பாருங்கள். பார்ப்பது மட்டுமா, பயிற்சியும் சேர்த்தா, சான்றிதழுமா? எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேரில் பதிவே செய்ய வேண்டாம், எல்லாம் திறந்து கிடக்கிறது, சான்றிதழ் கிடையாது. எட்எக்ஸில் பல படிப்புகளைப் பார்க்க மட்டும் இலவசம், சான்றிதழுக்குக் காசு. என்பிடெல் என்பது ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. அதன் படிப்புகளை மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக எடுத்தால் பாடமும் வாராந்திரப் பயிற்சியும் இலவசம், தேர்வு எழுத மட்டும் கட்டணம், தேர்வை நேரில் போய் எழுத வேண்டும். எங்களுக்குக் கோயம்புத்தூர்தான். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே பயன்படும், ஸ்வயம் மதிப்பெண்களைப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ள யுஜிசி விதியே இருக்கிறது. உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று சேரும்முன் கேட்டுவிடுங்கள். என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. முதலாளி கேட்கவில்லை, மாதக் கணக்கு சரியாக வந்ததா என்றுதான் கேட்டார்.

படிப்பு எனக்கு மட்டும் என்று இருந்திருந்தால் வீட்டில் இவ்வளவு பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்பாவுக்குப் படிக்கப் பிடிக்கும், புத்தகம் வாங்க வசதி இல்லை. 1998-லிருந்து தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் மதுரைத் திட்டத்திலிருந்து அவருக்கு இறக்கிக் கொடுத்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு இரண்டும் வேண்டும், எழுத்தைப் பெரிதாக்க முதலாவது, பழைய தாளின் வாசத்துக்கு இரண்டாவது என்பார்.

ஒருமுறை இன்டர்நெட் ஆர்கைவிலிருந்து ஃபைசன் எழுதிய தாவர நூலை எடுத்து வந்தேன். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிச் செடிகளைப் பற்றி 1915-லிருந்து 1920-க்குள் வந்தது, பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யாரும் எடுக்கலாம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கோட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இது நம்ம ஓடைப் பக்கம் இருக்கே, இது ஆடு தின்னாது, என்று சொல்லிக்கொண்டே போனார். தவிட்டுப்பழச் செடிக்கு ரோடோமிர்டஸ் என்று பெயர் என்றேன். "பேரு என்னவோ இருக்கட்டும், இப்ப எங்க காய்க்குது, எல்லாம் தேயிலையாயிடுச்சே," என்றார். அவர் சொன்ன பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை அறுபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒருத்தி பத்தாவது. மின்சுற்று அவளுக்குப் புரியவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில், திரையிலேயே செய்து பார்க்கும் செயல்முறைகளில் மின்சுற்று ஒன்றை இறக்கிக் கொடுத்தேன், நெட் இல்லாமல் ஓடும். பேட்டரியையும் பல்பையும் இழுத்து வைத்து அரை மணி நேரம் விளையாடிவிட்டு, "அக்கா, பக்க இணைப்புல ஒண்ணு போனாலும் மத்தது எரியுதே," என்றாள். நான் சொல்லியே கொடுக்கவில்லை. இன்னொருத்தி குரூப் 4-க்குப் படிக்கிறாள். பயிற்சி மையக் குறிப்புகளுக்குக் காசு கொடுக்க இருந்தவளிடம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பாடநூல்களை முதலில் முடி என்றேன். எல்லாம் இலவசமாக இறக்கக் கிடைக்கிறது, தேர்வும் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பாடநூல்கள் எனக்கும் இப்போது தேவைப்படுகின்றன. மழைக்கும் இலை வரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்காகப் பார்க்க வேண்டும் என்று போன வருடத்திலிருந்து ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை மில்லிமீட்டரைக் குறித்து வருகிறேன். அதற்காக என்பிடெல்லில் நிகழ்தகவு எடுத்தேன். மூன்றாவது விரிவுரையில் நிபந்தனை நிகழ்தகவு வந்தது, ஒன்றும் புரியவில்லை. முன்பாக இருந்தால் இது நமக்கில்லை என்று விட்டிருப்பேன். இப்போது ஒரு படி இறங்கிப் பார்க்கிறேன். அதே தலைப்பு பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில், தமிழில், தீர்த்துக் காட்டிய கணக்குகளோடு இருக்கிறது. நான் வணிகவியல் என்பதால் பள்ளியில் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அதிலும் வரிசை மாற்றம், சேர்மானம் தெரியாமல் தடுக்கியது, அதற்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது. இறங்கி ஏறி, நேற்று விரிவுரையின் அந்தப் பகுதியை மறுபடி போட்டேன். பலகையில் ஆசிரியர் எழுதுவதற்கு முன்பே அடுத்த வரி எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமைக்கான பட்டியல் எழுதியாகிவிட்டது. நான்காவது, ஐந்தாவது விரிவுரை எனக்கு, பத்தாவதுக்காரிக்கு ஒளிவிலகல் செயல்முறை, அப்பாவுக்கு ஃபைசனின் அடுத்த தொகுதி. இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது.